ஏற்காட்டு எதிர்காற்று

பல நாள் சைக்கிள் பந்தயத்தில், எல்லைக்கோட்டில் சீறிப் பாய்ந்து அதிகப் புள்ளி எடுப்பவனுக்குப் பச்சைச் சட்டை. அதைப் போட்டிருந்தவன் விக்ராந்த். எல்லைக்கோடு வரும்வரை எதிர்காற்றைத் தன் நெஞ்சில் வாங்கி, அவனைப் பின்னால் ஒட்டவைத்து இழுத்துவந்தவன் அதே டீமின் செங்கோடன். அந்தச் செங்கோடனைப் பரிசு மேடையேற விடாமல் நெட்டித் தள்ளினான் விக்ராந்த்.

"தண்ணி பாட்டில் தூக்குறவனுக்கு இங்க என்னடா வேலை?"

இது எந்த ஊர் நியாயம்? அதோடும் விட்டானா?

"நாளைக்கு ஏற்காடு மலை. கெடு நேரத்துக்குள்ள ஏறலைன்னா என்னைப் பந்தயத்தைவிட்டே தூக்கிடுவாங்க. நீதான் கொண்டுபோய்ச் சேர்க்கணும். ஆனா டிவியில நீ எனக்கு முன்னாடி தெரியக்கூடாது. தெரிஞ்சா டீம்ல இருக்கமாட்டே."

செங்கோடன் "சரிங்கண்ணா" என்றான்.

மறுநாள் மலையில் டிவி கேமரா பைக் வந்ததுமே செங்கோடன் பவ்யமாகப் பின்னால் போய்விட்டான். காற்று விக்ராந்தை முகத்தில் அறைந்தது.

"முன்னாடி வாடா!"

"கேமரா இருக்குங்களே அண்ணா."

"இருந்தா இருக்கட்டும்!"

"நான்தான் இழுத்தேன்னு யாராச்சும் சொல்லிட்டா?"

கெடு நெருங்கியது. விக்ராந்த் கேமரா முன்னாலேயே ஊரே கேட்கக் கத்தினான். "நீ இழுக்காம நான் என்னைக்குடா ஜெயிச்சேன்? வாடா சாமி!"

செங்கோடன் முன்னால் வந்து, கெடுவுக்குள் விக்ராந்தை உச்சியில் சேர்த்தான்.

அன்று மாலை அவன் மேடையேறியபோது யாரும் தள்ளவில்லை.