துளசிமணியும் சைடுன்னு முடியற டின்னுகளும்

ஒரு ஊர்ல ஒரு உரக்கடை இருந்துச்சாம். அந்தக் கடையைக் கூட்டிப் பெருக்கி, அலமாரியில இருக்கற மருந்து டின்னையெல்லாம் தூசி தட்டி அடுக்கி வெக்கறதுக்கு ஒருத்தி இருந்தா. அவ பேரு துளசிமணி. நீ ம் கொட்டிக்கிட்டே வா சாமி, அப்பத்தான் நீ முழிச்சிருக்கறது எனக்குத் தெரியும்.

ம்.

ஆங். துளசிமணி அஞ்சாங் கிளாஸ் வரைக்கும்தான் படிச்சவ. தமிழ் நல்லாப் படிப்பா. இங்கிலீசு எழுத்து அவளுக்குப் படம் மாதிரி. ஒரு எழுத்து பிறை மாதிரி இருக்கும், ஒண்ணு நட்டு வெச்ச குச்சி மாதிரி, ஒண்ணு நாணேத்துன வில்லு மாதிரி, இன்னொண்ணு பல்லு போன சீப்பு மாதிரி. தினமும் துடைக்கறா இல்ல, துடைக்கத் துடைக்க அவளுக்கு ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. அந்த அலமாரியில எந்த டின்னை எடுத்தாலும் பேரு முடியற இடத்துல இதே நாலு படம் நிக்குது. பிறை, குச்சி, வில்லு, சீப்பு.

அப்புறம் காதைத் தீட்டிக் கேட்டா. கடைக்காரர் குழந்தைசாமி டின்னை எடுத்துக் குடுக்கறப்ப பேரைச் சத்தமா வாசிப்பாரு. இன்செக்டிசைடு. ரோடன்டிசைடு. ஃபங்கிசைடு. வீடிசைடு. எல்லாம் சைடு, சைடுன்னே முடியுது. ஒருவேளை கம்பெனிக்காரன் பேரா இருக்குமோன்னு கொஞ்ச நாள் நெனச்சுக்கிட்டா.

அப்போ ஒரு நாள் டின்னைத் திருப்பி, பின்னாடி ஒட்டியிருந்த தமிழ்த் தாளைப் படிச்சா. பூச்சிக்கொல்லின்னு இருந்துச்சு. அடுத்ததை எடுத்தா, எலிக்கொல்லி. அடுத்தது பூஞ்சைக்கொல்லி. அடுத்தது களைக்கொல்லி. இந்தப் பக்கமும் வாலு ஒண்ணுதான், அந்தப் பக்கமும் வாலு ஒண்ணுதான். அப்ப சைடுன்னா கொல்றது. யாரைக் கொல்றதுன்னு முன்னாடி இருக்கற தலை சொல்லுது. கையில தொடப்பத்தோட அப்படியே நின்னுட்டாளாம். யாரும் சொல்லிக் குடுக்கல, தானாக் கண்டுபிடிச்சா பாரு, அந்தச் சந்தோசத்துக்கு அளவே இல்ல.

வீட்டுக்கு வந்து புருசன் காளியண்ணன்கிட்டச் சொன்னா. அவன் சாப்பிட்டுக்கிட்டே, அதைத் தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறேன்னு கேட்டான். ஆனா அவ மனசுல வெச்சுக்கிட்டா. ம் எங்க?

ம்.

அப்புறம் ஐப்பசி மாசம் வந்துச்சு. மழை சடசடன்னு நாலு நாள் விடாம ஊத்துச்சு. அந்த ஊரு முழுக்க மஞ்சக் காடு. நம்ம இடுப்பு உசரத்துக்கு இலை விரிச்சு நிக்கும், காத்தடிச்சா சலசலன்னு பேசும். மழை விட்டதும் பார்த்தா, இலையெல்லாம் புள்ளி புள்ளியா நோவு விழுந்து கெடக்குது. பூஞ்சாணம். ஒரு காட்டுல விழுந்தா அடுத்த காட்டுக்குத் தாவுற நோவு. ஊருக்கே வருசத்துக்கு ஒரு வெள்ளாமைதான். அது போச்சுன்னா அடுப்புப் பத்தாது.

மருந்து வாங்கலாம்னா, குழந்தைசாமி கடையைச் சாத்திட்டு மக கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வெளியூரு போயிட்டாரு. அப்பல்லாம் கையில போன் ஏது. அதனால ஊர்த் தலைவர் நாச்சிமுத்து டவுனுக்கு ஆளனுப்பி, நாப்பது டின்னை லாரியில ஏத்தி வரச் சொன்னாரு. வர்ற வழியில மறுபடியும் மழை. தமிழ்த் தாளெல்லாம் ஊறி உரிஞ்சு போச்சு. டின்னு மேல இங்கிலீசுப் பேரு மட்டும்தான் மிச்சம், அதை முழுசா வாசிக்கத் தெரிஞ்சவரு குழந்தைசாமி ஒருத்தர்தான்.

விடிஞ்சதும் மருந்தடிக்கற ஆளுங்க பத்துப் பேரு முதுகுல டேங்கு மாட்டிக்கிட்டு வந்துட்டாங்க. ஊரே வரப்புல கூடி நிக்குது. ஒருத்தர் டின்னைத் தூக்கி, பேரோட கடைசியை மட்டும் எழுத்துக் கூட்டிப் பார்த்து, சைடுன்னு போட்டிருக்குது, சரியான மருந்துதான்னு சொல்லிட்டாரு. டொக்குன்னு மூடியைத் திறந்து, தண்ணியில கலக்கவும் ஆரம்பிச்சுட்டாங்க.

துளசிமணி தள்ளி நின்னு டின்னைப் பார்த்தா. வாலு அதே வாலுதான். பிறை, குச்சி, வில்லு, சீப்பு. தலையைப் பார்த்தா. ஃபங்கிசைடுன்னா முதல் எழுத்து ரெண்டு கிளை விட்ட கம்பு மாதிரி இருக்கும், அவ நூறு தடவை துடைச்சிருக்கா. இதுல ஒத்தைப் படி வெச்ச ஏணி நிக்குது. ஏணியில ஆரம்பிக்கற டின்னு அந்தக் கடையில ஒண்ணுகூட இல்ல. அப்ப இது எதையோ கொல்லும். ஆனா பூஞ்சாணத்தை இல்ல. வேற எதைக் கொல்லும்? அதுதான் அவளுக்குத் தெரியல.

பெரியவங்க இத்தனை பேரு நிக்கறப்ப கடை கூட்டறவ பேசறதான்னு ஒரு நிமிசம் யோசிச்சா. டேங்கைத் தூக்கிட்டு ஆளுங்க காட்டுக்குள்ள கால வெச்சுட்டாங்க. அப்போ அவ போயி வரப்புக்குக் குறுக்கே நின்னுக்கிட்டா.

"இது அந்த மருந்து இல்லீங்க. வாலுதான் ஒண்ணு, தலை வேற."

ஊரே சிரிச்சுச்சு. நாச்சிமுத்து சிரிக்கல, ஆனா கோவம் வந்துச்சு. உனக்கு இங்கிலீசு தெரியுமா அம்மிணின்னு கேட்டாரு. தெரியாதுங்க, ஆனா சைடுன்னா கொல்றதுன்னு தெரியும், இது யாரைக் கொல்லும்னு தெரியாம ஊர்க்காட்டுல ஊத்த வேண்டாம்னு சொன்னா. நாள் தள்ளுனா நோவு பரவுமே, அதுக்கு யாரு பொறுப்புன்னு ஒருத்தர் சத்தம் போட்டாரு. அவ காளியண்ணனைத் திரும்பிப் பார்த்தா. அவங்களுக்கு இருக்கறது அரை ஏக்கரா. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"எங்க காட்டுல ஒரு பாத்தியில மொதல்ல அடிங்க. மூணு நாள் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா, எங்க மஞ்சளை மொத்தமா ஊருக்கே வெட்டிக் குடுத்தர்றேன்."

காளியண்ணன் நிமுந்து பார்த்தான். வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தான். அப்புறம் என்ன நெனச்சானோ, சரிங்க, எங்க காட்டுலயே அடிங்கன்னு அவனும் சொல்லிட்டான். டவுனுக்குப் போயிக் கேக்கலாம்னாலும் லாரி மூணு நாள் கழிச்சுத்தான் மறுபடி வரும்னு நாச்சிமுத்து ஒத்துக்கிட்டாரு. துளசிமணியே டேங்கை மாட்டி, ஒரே ஒரு பாத்தியில புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சுட்டு வந்தா. தூங்கிட்டியா?

இல்ல. அப்புறம்?

மொத நாள் பார்த்தாங்க. பாத்தி பச்சைப் பசேல்னு நிக்குது. ஒண்ணும் ஆகல. போற வர்றவங்கெல்லாம் அவ வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாங்க.

ரெண்டாம் நாள் பார்த்தாங்க. இலை நுனி பழுத்திருக்குது. அதுவும் நோவுதான், எல்லாக் காட்டுலயும் இப்படித்தான் இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. அக்கம்பக்கத்துக் காட்டுல புள்ளி இன்னும் ரெண்டு பங்கு பரவியிருந்துச்சு. அன்னிக்குத் துளசிமணிக்குச் சோறு எறங்கல. நான் தப்பாப் படிச்சிருந்தா இந்த ஊரு சோத்துல மண்ணைப் போட்ட மாதிரி ஆயிருமேன்னு நெனச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. காளியண்ணன் மட்டும் தட்டைப் பக்கத்துல நகர்த்தி வெச்சு, சாப்பிடு புள்ள, நாளைக்கு ஒரு நாள் இருக்குதுன்னான்.

மூணாம் நாள் பொழுது கிளம்பறதுக்குள்ள ஓடுனா. ஓடிப் பார்த்தா, அந்தப் பாத்தி வெந்த மாதிரிக் கருகிக் கெடக்குது. பக்கத்துப் பாத்தி புள்ளி விழுந்தாலும் பச்சையா நிக்குது. அதுக்குள்ள ஊரும் வந்துருச்சு. அப்பவும் ஒருத்தர் விடல. இதுவும் நோவு முத்துனதுதான்னாரு.

துளசிமணி குனிஞ்சு, கருகுன மஞ்சளுக்கு அடியில இருந்து ஒரு பிடி கோரைப்புல்லைப் பிடுங்கி எடுத்தா. அதுவும் காஞ்சு கருகிப் போயிருந்துச்சு. அதை நாச்சிமுத்து கையில வெச்சா.

"நோவு மஞ்சளுக்கு வந்துச்சு, சரிங்க. இந்தப் புல்லுக்கு யாரு குடுத்தாங்க?"

நாச்சிமுத்து அந்தப் புல்லையே பார்த்துக்கிட்டு நின்னாரு. நாப்பது டின்னு. ஊருக் காடு மொத்தமும் இப்படிக் கெடந்திருக்கும். தோள்ல போட்டிருந்த துண்டை எடுத்துக் கையில பிடிச்சுக்கிட்டாரு. நாங்க எல்லாத்துக்கும் மருந்து மருந்துன்னு ஒரே பேரு வெச்சுட்டோம் அம்மிணி, நீ ஒருத்திதான் அது கொல்றதுன்னு படிச்சிருக்கேன்னு சொன்னாரு. எல்லாரும் கேக்கற மாதிரிச் சொன்னாரு.

அன்னிக்கே அந்த டின்னெல்லாம் லாரி ஏறி டவுனுக்குத் திரும்பிப் போச்சு. கூடவே துளசிமணியும் போனா. டின்னை வாங்குன டவுன் கடையில மாத்தி ஏத்தி விட்டுட்டாங்களாம். அது ஹெர்பிசைடாம், செடி கொடி எல்லாத்தையும் கொல்றது. அவ ஒவ்வொரு டின்னையும் தலை பார்த்து, வாலு பார்த்து, பின்னாடி தமிழ்த் தாளும் பார்த்து எண்ணி ஏத்துனா. சாயங்காலமே பத்து டேங்கும் காட்டுக்குள்ள எறங்குச்சு. புஸ்ஸு புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊரு முழுக்க அந்தச் சத்தம்தான். பத்து நாள்ல புது இலை குருத்து விட்டுச்சு.

அப்புறம் மாசி மாசம் வெட்டு. மண்ணைக் கொத்துனா ஒவ்வொரு கிழங்கும் கை விரிச்ச மாதிரி. வேக வெச்சுக் காயப்போட்டா ஊரே மஞ்சளா மின்னுச்சு. சந்தைக்கு இருபத்தி மூணு வண்டி கட்டுனாங்க. எப்பவும் மொத வண்டியில தலைவர்தான் ஏறுவாரு, அது அந்த ஊரு வழக்கம். அந்த வருசம் நாச்சிமுத்து மாட்டுக் கயித்தைக் காளியண்ணன் கையில குடுத்து, துளசிமணியை மொத வண்டியில ஏத்தி விட்டுட்டு, அவரு பின்னால வந்த வண்டியில போயி உக்காந்துக்கிட்டாரு. ஜல் ஜல்னு சலங்கை கட்டுன மாடு முன்னால போகுது, மஞ்ச மூட்டை மேல அவ உக்காந்திருக்கா. ரோட்டோரத்துல நிக்கற மத்த ஊருக்காரங்க, யாரப்பா அது மொத வண்டியிலன்னு கேட்டாங்க. எங்க ஊர்ல படிச்சவங்கன்னு இருபத்தி மூணு வண்டியும் சொல்லிக்கிட்டே போச்சாம்.

ம்...

வண்டியும் சந்தை சேந்துச்சு, கதையும் எறங்கிருச்சு. கண்ணை மூடிக்கோ சாமி.