ஆவுடையப்பன் வீட்டுச் சகுனப் பூனை

வீட்டை விற்றவன் வீட்டை விட்டுப் போகவில்லை. ஏனப்பா என்று கேட்டால், "பூனை விடமாட்டேங்குது" என்றான். வேறு ஊராக இருந்தால் நாலு சாத்து சாத்தியிருப்பார்கள். மருதங்குறிச்சியில் அது நடக்காது. அங்கே ராசாவின் சட்டம் அப்படி.

சட்டம் வந்த கதையையும் கேளுங்கள். ராசா ஒருநாள் வேட்டைக்குக் கிளம்பினார். வாசலில் பூனை குறுக்கே போயிற்று. "பூனையாவது ஒண்ணாவது" என்று கிளம்பியவர் ஊர் எல்லையில் குதிரையிலிருந்து சாணிக்குழியில் விழுந்தார். குளித்து முடித்ததும் தண்டோரா போடச் சொல்லிவிட்டார். பூனை குறுக்கே போன வாசற்படியை அன்றைக்கு முழுக்க யாரும் தாண்டக் கூடாது. தாண்டினால் பன்னிரண்டு கசையடி.

ஆவுடையப்பனுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. கீழத்தெரு வீட்டை உப்பு வியாபாரி இசக்கிமுத்துவுக்கு விற்றான். பத்திரம் முடிந்தது, பணமும் கைமாறியது. மேலத்தெருவில் வேறொரு வீடு வாங்கி, அதை வாடகைக்கு விட்டுவிட்டான். இங்கே ஓசிக் குடித்தனம், அங்கே வாடகை. கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள்.

"நல்ல நாள் பார்த்துக் கிளம்பிடுதேன்" என்பான். பதினைந்து நாளைக்கு ஒரு நல்ல நாள் குறிப்பான். அன்றைக்கு மூட்டை முடிச்சோடு குடும்பம் பதினோரு பேரும் வாசலுக்கு வருவார்கள். கொழுகொழுவென்று ஒரு சாம்பல் பூனை ஆற அமரக் குறுக்கே நடக்கும்.

"பாத்தீரா வே? நான் போகத்தான் நிக்கேன். ராசா உத்தரவை மீற முடியுமா?" என்று எல்லாரையும் உள்ளே கூட்டிப் போய்விடுவான். இப்படி ஆறு தடவை ஆயிற்று.

இசக்கிமுத்துவின் மனைவி பேச்சியம்மாளுக்கு அது நிறைமாதம். சத்திரத்தில் மூன்று நாளுக்கு மேல் தங்க விடமாட்டார்கள். பாவம், ஆற்றங்கரையில் உப்பு வண்டிக்கு அடியில்தான் படுக்கை. ஐப்பசி மழை வேறு தொடங்கிவிட்டது. இசக்கிமுத்து அரண்மனைக்கு ஓடி, நல்லகுற்றாலத்தின் முன்னால் நின்றார். நல்லகுற்றாலம் அரண்மனைப் பந்தி விசாரிப்புக்காரர். யார் இலையில் என்ன குறைகிறது என்று பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவார்.

"அய்யா, சொந்தக் கூரைக்குக் கீழே என் பிள்ளை பிறக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

நல்லகுற்றாலம் அன்றே கீழத்தெருவுக்குப் போனார். ஆவுடையப்பன் சோறு தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் பூனை, அதற்கும் தனியாக ஒரு கிண்ணம் பால்.

"யார் வீட்டுப் பூனை வே?"

"தெருப் பூனை அய்யா. எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

"அப்படியா. வெள்ளிக்கிழமை ராசாவுக்குப் பிறந்தநாள் விருந்து. குடும்பத்தோட வந்துரும். பாயசம் மட்டும் மூணு வகை."

வெள்ளிக்கிழமை நல்ல நாளா கெட்ட நாளா என்று ஆவுடையப்பன் பஞ்சாங்கத்தைத் தொடவே இல்லை. பதினோரு பேரும் கதவைப் பூட்டிக்கொண்டு முதல் பந்திக்கே போய்விட்டார்கள். மூன்று பாயசத்தையும் ஒரு கை பார்த்தார்கள்.

விருந்து முடிந்ததும் நல்லகுற்றாலம் ராசாவின் காதருகே போனார். "மகாராசா, உங்க உத்தரவு ஊரில் எப்படி நடக்குதுன்னு கண்ணால பார்க்க வாங்க." ராசாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? பல்லக்கு கீழத்தெருவில் வந்து இறங்கியது.

ஆவுடையப்பன் சாவியோடு வாசலை நெருங்கினான். நல்லகுற்றாலம் மடியிலிருந்து ஒரு நெத்திலிக் கருவாட்டை எடுத்து, வாசலுக்கு அந்தப் பக்கம் போட்டார். இந்தப் பக்கம் படுத்திருந்த சாம்பல் பூனை எழுந்து குறுக்கே ஓடியது.

"நில்லும் வே," என்றார் நல்லகுற்றாலம். "சகுனத் தடை."

"அது வெளியே போறவங்களுக்குத்தானே அய்யா?"

"வாசற்படியைத் தாண்டக் கூடாதுன்னுதான் சொன்னேன்," என்றார் ராசா. "உள்ளேன்னும் சொல்லல, வெளியேன்னும் சொல்லல."

"சரி, நாளைக்கு வாறேன்."

"நாளைக்கா? வீட்டை விட்டுப் போறதுக்கே நல்ல நாள் பார்க்கிற மனுஷன், குடி புகப் பார்க்க வேண்டாமா? அடுத்த நல்ல நாள் பதினைஞ்சு நாள் கழிச்சு," என்று நல்லகுற்றாலம் இன்னொரு கருவாட்டை மடியிலிருந்து எடுத்தார். "அன்னைக்கும் பூனை வராமலா போகும்?"

மழை தூற ஆரம்பித்தது. பாயசம் உண்ட குழந்தைகள் அழுதன. ஆவுடையப்பனின் மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கு முன்னே சொன்னதெல்லாம் மறந்துவிட்டது.

"மகாராசா, இது சகுனப் பூனையே இல்லை. எங்க வீட்டுச் செல்லம். பால் ஊத்தி வளர்த்த பூனை. வளர்த்த பூனை குறுக்கே போனா சகுனம் ஆகுமா?"

நல்லகுற்றாலம் கையிலிருந்த கருவாட்டைத் திரும்ப மடியில் செருகினார்.

"ஆகாது வே," என்றார் நல்லகுற்றாலம். "அப்போ முந்தி ஆறு தடவை போனது எந்தப் பூனை?"

ஆவுடையப்பன் பூனையைப் பார்த்தான். பூனை கருவாட்டைத் தின்றுகொண்டிருந்தது. ராசா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை நழுவி மூக்கில் வந்து நின்றது. அந்த இடத்திலேயே சாவி கைமாறியது. சேவகர்கள் தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் மேலத்தெருவுக்குச் சுமந்துபோனார்கள். பேச்சியம்மாள் வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே போனாள். விடிவதற்குள் சொந்தக் கூரைக்குக் கீழே பெண்குழந்தை பிறந்தது. இசக்கிமுத்து அரண்மனைக்குச் சர்க்கரையோடு ஓடிவந்தார். ராசா குழந்தைக்குத் தங்கச் சங்கிலியும் நல்லகுற்றாலத்துக்குப் பட்டு அங்கவஸ்திரமும் கொடுத்தார்.

அந்த நேரத்தில் ஆவுடையப்பன் நனைந்த வேட்டியோடு சபைக்குள் வந்தான்.

"மகாராசா, மேலத்தெரு வீட்டில் என் குடித்தனக்காரன் காலி பண்ண மாட்டேங்கான். மூட்டையைக் கட்டிட்டு வாசலுக்கு வந்தான். வந்த உடனே ஒரு கறுப்புப் பூனை குறுக்கே போயிட்டு."

"வளர்த்த பூனையா, தெருப் பூனையா?" என்று கேட்டார் ராசா.

"தனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்லுதான்."

ராசா சிரிப்பை அடக்க முடியாமல் நல்லகுற்றாலத்தைப் பார்த்தார். நல்லகுற்றாலம் புது அங்கவஸ்திரத்தைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"கவலையே படாதீரும் வே. குடித்தனக்காரரையும் விருந்துக்குக் கூப்பிட்டு வெளியே கொண்டாந்துருவோம். ராசாவுக்கு அடுத்த பிறந்தநாள் வரட்டும்."