ரோட்டைப் பார்த்த ஷூ

நெடுங்கல் கோட்டையில் ராஜாவும் இல்லை, குடிமக்களும் இல்லை. பார்க்க வருகிற கூட்டத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை. கோட்டைக் கோயில் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிறவள் சிலம்பாயி.

ஒரு சாயங்காலம், கோட்டைக்குப் புதிதாக வந்த அதிகாரி தணிகாசலம் கோயிலைச் சுற்றிவிட்டுத் தோள்பையோடு வெளியே வந்தார்.

"இங்க வர்றவங்க என்னென்ன ரகம்னு எனக்குத் தெரியணும். யாரையும் ஒரு வார்த்தை கேக்காம நீ சொல்லணும். முடியலேன்னா நாளைக்கு வேற ஆள் வரும்."

"செருப்பே சொல்லிடும் ஐயா. சாமி கும்பிட வர்றவங்க உதறிட்டு ஓடுவாங்க. வேடிக்கை பாக்க வர்றவங்க ஜோடி சேத்து வைப்பாங்க. எதையாவது தூக்கிட்டுப் போக வர்றவங்கதான், சட்டுனு மாட்டிக்கிட்டுக் கிளம்ப, ரோட்டைப் பாத்துத் திருப்பி விடுவாங்க."

தணிகாசலம் சிரித்தார். "அப்போ நான் எந்த ரகம்?"

"ரோட்டைப் பாத்துத்தான் விட்டீங்க. இப்ப பாருங்க."

அவருடைய இரண்டு ஷூவும் கோயிலைப் பார்த்து நின்றன.

"யாரு திருப்பினது?"

"பொருளைப் பறிகொடுத்தவங்க. உள்ள கூப்பிடுறாங்க ஐயா."

இருண்ட கருவறையிலிருந்து சில்லென்று ஒரு காற்று வந்தது. தணிகாசலம் பையைத் திறந்து, ஒரு கல் பதுமையைப் படியில் வைத்தார். ஷூவைத் தொடாமல் வெறுங்காலோடு ஓடினார்.

சிலம்பாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கையிலிருந்த கம்பால் ஷூவைத் திருப்பி வைத்தவளே அவள்தான். சிரித்துக்கொண்டே கீழே பார்த்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

அடுத்ததைத் திருப்புவதற்குள் அவர் வெளியே வந்துவிட்டதால், அவள் திருப்பியது ஒற்றை ஷூவைத்தான்.