மூன்றிலிருந்து இரண்டுக்கு

குருவைவிடச் சிஷ்யைக்கு வயது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால் குரு சிஷ்யையை 'அம்மா' என்றாள். சிஷ்யை குருவைக் 'கண்ணு' என்றாள். கோத்தகிரியில் இது யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

குருவின் பெயர் ஜெசிந்தா. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருவது அவள் தொழில். பேச்சு குறைவு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக்கின் மேல் ஒரு கையை வைத்திருப்பாள். அந்தக் கை இறுகுவதையும் தளர்வதையும் பார்த்தே சிஷ்யைகள் தங்கள் லட்சணத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

செண்பகவல்லிக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. சமதரையில் குறை சொல்ல முடியாமல் ஓட்டுவாள். மலை இறங்குவதுதான் தகராறு. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிக் கிளட்சை விட்டால், வண்டி வெடுக்கென்று ஒரு குலுக்கு குலுக்கி இருவரையும் முன்னால் தள்ளும்.

"ஏங்கண்ணு, இந்தக் குலுக்கல் எப்பத்தான் நிக்கும்?"

"என்ன அவசரம்ங்கம்மா?"

அவசரம் இருந்தது. அவள் கணவர் தண்டபாணிக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வியாழக்கிழமைதோறும் மேட்டுப்பாளையம் போய், நடைப்பயிற்சி தரும் டாக்டரைப் பார்க்க வேண்டும். போன வாரம் வாடகைக் கார்க்காரன் ஒவ்வொரு வளைவிலும் தூக்கித் தூக்கிப் போட்டதில், வீடு திரும்பிப் படுத்தவர் மறுநாள் முழுக்க எழவில்லை. "இனி நான் வரலை செம்பா. இப்படியே இருந்துக்கறேன்" என்றுவிட்டார். பயிற்சி நின்றால் கொஞ்சநஞ்ச நடையும் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"அவரு ஓட்டி நீ பாத்திருக்கணும் கண்ணு" என்றாள் செண்பகவல்லி. வண்டி அரவேனு தாண்டி ஓரமாக நின்றிருந்தது. "இதே வண்டிதான். இதே ரோடுதான். எங்க அக்கா வீடு மேட்டுப்பாளையத்துல. மாசம் ஒருக்கா போவோம். ஒருகையில ஸ்டீயரிங், ஒருகையில வறுத்த கடலை. எப்ப கியர் மாத்தினாருன்னே தெரியாது. சத்தம் மட்டும் கொஞ்சம் மாறும். குஞ்சப்பனை வந்தா பலாப்பழ வாசனை வரும். அவ்வளவுதான். ஒரு குலுக்கல் கிடையாது."

அவர் உட்கார்ந்து ஓட்டிய அந்தச் சீட்டில் இப்போது தான் உட்கார்ந்திருப்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை. அந்தக் கடலை வாசனையும், ஜன்னல் வழியே வந்த குளிரும், ஒன்றுக்கும் கவலைப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அந்தச் செண்பகவல்லியும் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று நினைத்தாள். அழுகை வந்தது. குருவின் முன்னால் அழக் கூடாது என்று வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்தாள்.

"பக்கத்துலயே உக்காந்து வந்தேன். அவரு கால் என்ன பண்ணுதுன்னு ஒருநாள் எட்டிப் பாத்திருக்கலாம்."

ஜெசிந்தா வண்டியை எடுக்கச் சொல்லிக் கைகாட்டினாள்.

மறுநாள் வகுப்பில் அதிசயம் நடந்தது. வண்டி வளைவு வளைவாக இறங்கியது, குலுக்கலே இல்லை. செண்பகவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. குருவின் கை மட்டும் ஹேண்ட் பிரேக்கை விட்டு நகரவே இல்லை.

"ஓரமா நிறுத்துங்கம்மா."

நிறுத்தினாள். ஜெசிந்தா இறங்கி முன்சக்கரத்தருகே குனிந்து மோந்து பார்த்தாள். கருகல் நாற்றம்.

"கிளட்சை மிதிச்சபடியே வந்தீங்களா?"

செண்பகவல்லி திருட்டுத்தனம் பிடிபட்ட முகத்தோடு சிரித்தாள். "கிளட்சை விட்டாத்தான குலுங்குது? விடவே இல்ல. வெறும் பிரேக்லயே வந்துட்டேன். அலுங்காம வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு. இதே மாதிரி இன்னும் கொஞ்ச தூரம் வந்திருந்தா பிரேக்கும் பிடிக்காது. அப்புறம் அலுங்காம பள்ளத்துக்கே போயிடலாம்."

சிஷ்யையின் சிரிப்பு நின்றது. பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்திருக்கும் தண்டபாணி மனக்கண்ணில் வந்தார்.

"நாளைக்கு வியாழக்கிழமை கண்ணு."

"தெரியும்ங்கம்மா. பிரேக் ஆறட்டும். நீங்க இப்படி வாங்க."

ஜெசிந்தா அவளைச் சாலையோரம் நிற்க வைத்தாள். கொஞ்சம் மேலே ஏறிப் போய், அங்கிருந்து சரிவில் வேகமாக நடந்து வந்தாள். "நான் தாண்டும்போது கையைப் பிடிங்க!"

செண்பகவல்லி நின்ற இடத்திலேயே நின்று பிடித்தாள். இருவர் தோளும் வெடுக்கென்று இழுபட்டது. செண்பகவல்லி தடுமாறி இரண்டு எட்டு ஓடினாள்.

"வலிச்சுதா?"

"வலிக்காம? நான் நிக்கறேன், நீ ஓடியாறே!"

"இப்ப நிக்காதீங்க. நான் பக்கத்துல வந்ததும் நீங்களும் என்கூடவே கொஞ்சம் நடங்க. என் வேகம் வந்ததும் பிடிங்க."

மறுபடி வந்தாள். செண்பகவல்லி கூடவே நடந்தாள், வேகத்தைக் கூட்டினாள், கையை நீட்டினாள். கை கையில் வந்து உட்கார்ந்தது. எப்போது பிடித்தோம் என்றே தெரியவில்லை. இருவரும் அப்படியே வளைவுவரை நடந்தார்கள்.

"நான் சக்கரம். நீங்க இன்ஜின்" என்றாள் ஜெசிந்தா. "கியரை இரண்டுக்குக் கொண்டு வாங்க. கிளட்சை விடறதுக்கு முன்னாடி ஆக்ஸிலேட்டரை லேசா ஒரு மிதி."

"இறங்கும்போது யாராச்சும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பாங்களா?"

"சக்கரம் ஏற்கெனவே இறங்கிட்டிருக்குங்கம்மா. இன்ஜின்தான் கூடப் போகணும்."

சிஷ்யை குருவின் கையை விடாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய் வண்டியில் ஏறினாள். அன்று அரவேனுக்கும் கோத்தகிரிக்கும் இடையே அந்தப் பழைய மாருதி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை தண்டபாணியைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "ஒரே ஒருதடவைங்க. குலுங்குச்சுன்னா பாதியிலயே திரும்பிடலாம்" என்று கெஞ்சினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மஃப்ளரைக் கேட்டு வாங்கிச் சுற்றிக்கொண்டார். பின்சீட்டு வேண்டாம், முன்னால்தான் என்றார். பின்சீட்டு குருவுக்குப் போனது.

வண்டி இறங்கத் தொடங்கியது. தண்டபாணி ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். செண்பகவல்லி கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் அவருடைய இடது காலும் தரையை மிதித்தது. அவள் அதைக் கடைக்கண்ணால் பார்த்தாள்.

முதல் வளைவு. நேர் ரோட்டிலேயே பிரேக் பிடித்து, கியர் மாற்றி, ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து, கிளட்சை விட்டாள். சத்தம் மட்டும் மாறியது.

"குலுங்குச்சாங்க?"

"இல்ல."

அடுத்த வளைவு. "குலுங்குச்சா?"

"இல்ல செம்பா."

அதற்கடுத்ததில் லாரி ஒன்று எதிரே வர, அவசரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமலே கிளட்சை விட்டுவிட்டாள். வண்டி குலுங்கியது.

"குலுங்குச்சில்ல?"

"இல்லியே."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் சொல்லாதீங்க! எனக்கே தெரியுது. நீங்க ஓட்டி ஒருநாள் இப்படிக் குலுங்கியிருக்கா?"

தண்டபாணி நன்றாகத் திரும்பி அவளைப் பார்த்தார். "நல்லாக் குலுங்கும்."

"யாருகிட்டக் கதை விடறீங்க? நான் பக்கத்துலதான இருந்தேன்?"

"நீ எங்க இருந்தே? அரவேனு தாண்டினா உனக்குக் கண்ணு சொக்கிடும். வாயைத் தொறந்துட்டுத் தூங்குவே. பலாப்பழ வாசனைக்குத்தான் முழிப்பே."

பின்சீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. குரு சிரித்து அன்றுதான் சிஷ்யை கேட்டாள்.

செண்பகவல்லி பழைய நாட்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கடலை, குளிர், அக்கா வீட்டு வாசல். நடுவில் ரோடு இல்லை. ஒரு வளைவுகூட அவளுக்கு நினைவில் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவர்மேல் பாசமும் பொங்கிக்கொண்டு வந்தது.

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. சாலை திரும்பியது, திரும்பிக்கொண்டே போனது. அவளும் மூன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு என்று மாற்றிக்கொண்டே போனாள். சில வளைவுகள் வெண்ணெயாக வந்தன. சில வரவில்லை.

குஞ்சப்பனைக்குச் சற்று முன்னால் குரங்கு ஒன்று குறுக்கே பாய்ந்தது. பதறிக் கியரை மாற்றினாள். ஆக்ஸிலேட்டர் மறந்துபோனது. வண்டி லேசாகக் குலுங்கி, பிறகு சமாளித்துக்கொண்டது.

போச்சு என்று நினைத்தாள். இவ்வளவு பாடுபட்டும் அவருக்கு வலிக்க வைத்துவிட்டோம், அடுத்த வாரம் வர மாட்டார் என்று நினைத்தாள். தண்டபாணியின் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. கண்ணாடியில் குருவைத் தேடினாள்.

"பாத்தியா கண்ணு, மறுபடியும் குலுக்கிட்டேன்! நான் என்னைக்குத்தான் ஒழுங்கா ஓட்டக் கத்துக்கப் போறேன்?"

ஜெசிந்தா முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். கைப்பிடியிலிருந்து தண்டபாணியின் கை நழுவி மடியில் கிடந்தது. இடது கால் அசையவில்லை. மஃப்ளருக்குள் வாய் பாதி திறந்திருந்தது.

"மெதுவாக் கேளுங்கம்மா" என்றாள் குரு. "ஐயா முழிச்சுக்குவாரு."