ஒரு சொட்டும் சிந்தாத சால்னா

சீடருக்கு நாற்பத்தெட்டு வயது, குருவுக்கு முப்பத்து மூன்று. அதனால் இந்தக் கதையில் குரு சீடரை "சார்" என்பார், சீடர் குருவை "மேடம்" என்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தவசீலன் பகலில் விருதுநகரில் கல்லூரி வாத்தியார். மாலையில் பஸ் பிடித்து மதுரைக்கு வந்தால் ரெஹானாவின் ஆய்வகத்தில் பிஎச்.டி. மாணவர். மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாலிமர் செய்வது அவர் வேலை. மரபணுவுக்கு எதிர் மின்னூட்டம், பாலிமருக்கு நேர் மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொண்டு குட்டிப் பொட்டலமாகும். பொட்டலம் உள்ளே போய் மரபணு வேலை செய்தால் செல் பச்சையாக ஒளிரும்.

மூன்று வருடமாக ஒளிரவில்லை.

பிஎச்.டி. பதிவுக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் ஒரே ஒரு முறை செய்து பார்க்கத்தான் நேரம். எந்தப் பாலிமரைப் போடுவதென்று இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். ரெஹானாவின் அறைக்குள் வந்தபோது மனிதர் குழம்பிப் போயிருந்தார்.

"மேடம், மின்னூட்டம் கம்மியா இருந்தா மரபணு பாதி வழியிலயே கழண்டுருது. கூட்டினா கெட்டியாப் பிடிச்சுக்குது, செல்லுக்குள்ளயும் போயிருது. ஆனா ஒளிரலை. இன்னும் கூட்டினா செல்லே செத்துப் போயிருது. நான் இறுக்கணுமா, தளர்த்தணுமா?"

"கையில என்ன சார்?"

"பரோட்டா. விருதுநகர் பரோட்டா சாப்பிட்டதே இல்லைன்னு சொன்னீங்களே."

"சால்னா சிந்தலையே?"

"ஒரு சொட்டு சிந்தலை. பஸ்ல போறேன், நல்லா இறுக்குங்கன்னு நான்தான் சொல்லிக் கட்ட வச்சேன்." அவ்வளவு குழப்பத்திலும் இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

"பசிக்குது. வாங்க, சாப்பிட்டுட்டே பேசலாம்."

சாப்பாட்டு அறையில் பரோட்டாப் பொட்டலம் உடனே பிரிந்தது. சால்னாப் பை பிரியவில்லை. முடிச்சு மேல் முடிச்சு. தவசீலன் நூல் முனையைத் தேடினார். நகத்தால் நெருடினார். பல்லால் இழுத்தும் பார்த்தார். ரெஹானா உதவாமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். தட்டில் பரோட்டா ஆறிக்கொண்டிருந்தது.

"மேடம், நான் கேட்டதுக்கு..."

"முதல்ல சால்னா சார்."

பொறுமை போய்க் கத்தரிக்கோலால் ஒரு குத்து குத்தினார். சட்டையில், மேசையில், மூக்குக் கண்ணாடியில், பரோட்டாவைத் தவிர எல்லா இடத்திலும் சால்னா.

தவசீலனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. மூன்று வருட உழைப்பு, தினம் போக வர பஸ், இப்போது இந்தச் சட்டை.

"லேசாக் கட்டச் சொல்லியிருக்கணும்" என்றார்.

"சொல்லியிருந்தா திருமங்கலத்துலயே உங்க மடியில கொட்டியிருக்கும்."

"அப்ப இறுக்கினதுதான் சரியா?"

ரெஹானா வெறும் பரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"எனக்கு ஒண்ணுமே புரியலை மேடம். இறுக்கினாலும் தப்பு, தளர்த்தினாலும் தப்புன்னா கட்டுறவன் என்னதான் செய்வான்?"

"கட்டச் சொன்னப்ப நீங்க பஸ்ஸைத்தான் நினைச்சீங்க சார். பிரிச்சுச் சாப்பிடப் போறவளை நினைக்கவே இல்லை."