செவத்தையா விழுங்கிய வால்

கோணக்கரைக்காரர்கள் நல்லவர்கள். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, மற்ற விஷயங்களில்தான். எந்தச் சுமையையும் ஒருவர் தனியாகச் சுமக்கக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. ஒரு கத்தரிக்காய் வாங்கினால்கூட நாலு பேர் கை கொடுத்துத்தான் வீட்டுக்கு வரும்.

அந்த ஊர்ச் செவத்தையாவுக்கு டவுனில் பெண் பார்த்திருந்தார்கள். பவளத்தை ஒரு தடவை பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பெண்ணின் அப்பா நமச்சிவாயம், ரிட்டயரான குமாஸ்தா. ஒரு சீட்டில் மூன்று இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஸ்டேஷன், ரேஷன், ஆப்பரேஷன்.

“வெள்ளிக்கிழமை வந்து அர்த்தத்தோட சொல்லுங்க. சொன்னாத்தான் பொண்ணு. மூணும் ஒரே மாதிரிதான் முடியும், கஷ்டமே இல்ல,” என்றார்.

செவத்தையா சீட்டோடு ஊருக்கு வந்து கூட்டாளிகள் மூவரையும் கூப்பிட்டான். பூவலிங்கம் சீட்டை நெடுநேரம் பார்த்தான்.

“மாப்ளே, மூணுக்கும் வால் ஒண்ணுதான். ஒரே வாலை எதுக்குடா மூணு தடவை சுமக்கணும்?”

“அதானே,” என்றான் ஒச்சப்பன். “தலையை நாங்க ஆளுக்கொண்ணா எடுத்துக்கிறோம். வாலை நீ வச்சுக்க.”

கத்தரிக்கோல் வந்தது. பூவலிங்கத்துக்கு ‘ஸ்டே’, ஒச்சப்பனுக்கு ‘ரே’, காத்தவராயனுக்கு ‘ஆப்பரே’. செவத்தையாவுக்கு ஒரு ‘ஷன்’. மிஞ்சிய இரண்டு ‘ஷன்’களையும், அடுத்த கல்யாணத்துக்கு ஆகும் என்று கூரையில் செருகி வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒரே கூட்டம். தலைகள் முன்படியில் ஏற, வால் பின்படியில் ஏறியது. ஒத்திகையாக முன்னாலிருந்து “ஸ்டே” என்று குரல் வரும். பின்னாலிருந்து “ஷன்” என்று செவத்தையா கத்துவான். ஏழெட்டு தடவை கேட்டுக் காது புளித்த நடுசீட்டுக்காரர், எரிச்சலில் தானே முந்திக்கொண்டு “ஷன்” என்று முடித்துவிட்டார்.

தன் வால் பறிபோயிற்றே என்று செவத்தையா பதறினான். கூட்டத்தைப் பிளந்து வந்து அவரைக் கும்பிட்டான்.

“அண்ணே, அது என்னோடது. அதை வச்சுத்தான் எனக்குக் கல்யாணம். குடுத்திருங்க.”

“எடுத்துட்டுப் போய்யா,” என்றார் அவர். பெரிய மனசு என்று நால்வரும் வழியெல்லாம் அவரைப் புகழ்ந்துகொண்டே போனார்கள்.

பெண் வீட்டில் கேசரி கொடுத்தார்கள். நமச்சிவாயம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“ஸ்டே,” என்றான் பூவலிங்கம். “ஷன்,” என்றான் செவத்தையா. “ரயிலு நிக்கிற எடம்,” என்று பூவலிங்கம் அர்த்தத்தையும் இறக்கி வைத்தான். ரேஷனும் அப்படியே ஒழுங்காக வந்து சேர்ந்தது.

“ஆப்பரே,” என்றான் காத்தவராயன்.

‘ஷன்’ வரவில்லை. செவத்தையாவின் வாய் நிறையக் கேசரி. அவசரமாக விழுங்கினான். விழுங்கியதும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

“டேய்,” என்றான் மெதுவாக. “நாக்கு நுனியிலதான்டா வச்சிருந்தேன். கேசரியோட உள்ள போயிருச்சு.”

மூவரும் அவன் வயிற்றைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

“வயித்தைக் கீறி உள்ள இருக்கறத எடுக்க டாக்டர்கிட்ட ஒரு வைத்தியம் இருக்குதே,” என்றான் ஒச்சப்பன்.

“அந்த வைத்தியத்தோட பேருதான் என்கிட்ட இருக்கு. பாதி,” என்றான் காத்தவராயன். “மீதி அவன் வயித்துக்குள்ள. பேரே சொல்லாம டாக்டர்கிட்ட எப்படிக் கேக்கிறது?”

செவத்தையாவின் கண் கலங்கியது. பவளம் போய்விட்டாள் என்றே நினைத்தான்.

“இதென்ன கூத்து?” என்று நமச்சிவாயம் எழுந்தார். “மாப்பிள்ளை ஒரு வார்த்தையாவது முழுசாச் சொல்ல வேண்டாமா?”

“தனியாச் சுமக்கக் கூடாதுங்க மாமா,” என்றான் செவத்தையா. “எங்க ஊர்ல சோறாக்கினாக்கூட ஆம்பளைங்க பாதி, பொம்பளைங்க பாதி.”

கதவோரம் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்த பவளம் சிரிப்பை நிறுத்தினாள்.

“அப்பா, எனக்கு இவரே போதும்.”

நமச்சிவாயம் மகளைப் பார்த்தார், கேசரித் தட்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். “சரி. மாப்பிள்ளைக்குச் சம்மதமா?”

இவ்வளவு கனமான பதிலைச் செவத்தையா ஒருவன் தலையில் கட்ட முடியுமா? மூவரும் ஓடி வந்தார்கள்.

“சம்,” என்றான் பூவலிங்கம்.

“ம,” என்றான் ஒச்சப்பன்.

“தம்,” என்றான் காத்தவராயன்.

பதில் அங்கேயே தீர்ந்துபோனது. மாப்பிள்ளைக்கு ஒரு பங்கும் மிஞ்சவில்லை. எல்லோரும் செவத்தையாவையே பார்த்தார்கள். அவன் தவித்தான், வியர்த்தான். கடைசியில் பெரிதாக ஒரு விக்கல் வந்தது. அதோடு, விழுங்கிய வாலும் வெளியே வந்தது.

“ஷன்.”

கூட்டாளிகள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நமச்சிவாயம் பழக்கதோஷத்தில், “அதுக்கு அர்த்தம்?” என்று கேட்டார்.

அந்த அர்த்தம் ஊரில் கூரையில் செருகி வைத்த ‘ஷன்’களில் இருக்கும் என்று சொல்லி, எடுத்து வர நாலு பேருமாகக் கிளம்பினார்கள்.