பொட்டு வச்ச சிவப்பு சிலிண்டர்

ஒரு ஊர்ல ஒரு கல்யாண மண்டபம் இருந்துச்சாம். அதப் பாத்துக்கிட்டவ பேரு வெள்ளைத்தாயி. புருசன் இல்ல, ஒரே மக பொன்மாரிதான். வெள்ளைத்தாயி உன் பெரியம்மா மாதிரியே கோவக்காரி, ஆனா பாசம்னா உசிரையே குடுத்துருவா. ம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன்.

அந்த மண்டபத்துல தீய அணைக்கிற சிவப்பு சிலிண்டர் மூணு இருந்துச்சு. கேஸ் சிலிண்டர் இல்லடி, இது செவுத்துல தொங்குமே, குட்டியா, குழாய் வச்சு, அது. ஒண்ணு சாப்பாட்டு ஹால்ல, ஒண்ணு சமையக்கட்டு வாசல்ல, ஒண்ணு பின்னாடி கக்கூஸ் பக்கத்துல. ஆயுத பூஜை வந்தா வெள்ளைத்தாயி முன்னாடி இருக்கிற ரெண்டையும் தொடைச்சு, சந்தனத்த அப்பி, குங்குமம் வச்சு, மாலை போட்டுருவா. கக்கூஸ் பக்கத்துல எப்படிப் பூஜை போடறதுன்னு மூணாவத மட்டும் விட்டுருவா.

அப்புறம் ஒரு நாளு, சேவியர்னு ஒருத்தர் சிலிண்டர சோதிக்க வந்தாரு. அவரு பேச்சுக்காரரு. அந்தக் காலத்துல தீப்பிடிச்சா மணலு வாளியும் தண்ணி வாளியுந்தானாம். சீமையில ஒரு கேப்டன், மாடி வீடு எரியறதப் பாத்தாராம். தண்ணி மேல எட்டலையாம். அவருக்கு மனசு கேக்கல. ஒரு ஆளே தூக்கிட்டு ஓடற மாதிரி செம்புல ஒரு பாத்திரம் செஞ்சு, மருந்துத் தண்ணிய ஊத்தி, காத்த அடைச்சு வச்சாராம். தெறந்தா காத்து உள்ள இருந்து தள்ளும், தண்ணி சர்ருன்னு பாயும். அதோட வம்சந்தான் இந்தச் சிலிண்டருன்னு சொன்னாரு. இப்ப உள்ள இருக்கிறது மாவு மாதிரி மருந்து. காத்து கொஞ்சங் கொஞ்சமா எறங்கிரும், மருந்தும் கட்டி தட்டிப் போகும், அதனாலதான் மேல தேதி ஒட்டி, வட்டமா ஒரு முள்ளு வச்சிருக்கு, முள்ளு பச்சையில நிக்கணும்னாரு.

சொல்லிக்கிட்டே சந்தனத்தச் சுரண்டப் போனாரு. வெள்ளைத்தாயி விடுவாளா? பூஜை போட்ட சாமான், குங்குமத்த அழிக்காதீங்கன்னு கையத் தட்டி விட்டுட்டா. அவரும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டு, பொட்டு இல்லாத மூணாவத மட்டும் எடுத்துட்டுப் போய், புது மருந்து அடைச்சுக் கொண்டாந்து மாட்டினாரு. கேப்டன் கதையக் கேட்டு உருகிப் போன இவ என்ன பண்ணா தெரியுமா? அந்த வருசம் இன்னும் பெரிய பொட்டா வச்சா. முள்ளும் தெரியல, தேதியும் தெரியல.

தூங்கிட்டியா? ம், சரி.

அப்புறம் பொன்மாரிக்கே அந்த மண்டபத்துல கல்யாணம் வந்துச்சு. காலையில வடை சட்டி கொதிக்குது. எண்ண பொங்கி அடுப்புல வழிஞ்சு, குப்புன்னு தீ எழும்பிருச்சு. சமையக்கட்டுக்குப் பின்னாடிதான் பொண்ணு ரூமு. பொன்மாரி உள்ள தல பின்னிக்கிட்டு இருக்கா. வெளிய வர சமையக்கட்ட விட்டா வேற வழி இல்ல.

ஒருத்தன் தண்ணி வாளியோட ஓடி வந்தான். எண்ணத் தீயில தண்ணி ஊத்துனா வீடே போயிரும்னு வெள்ளைத்தாயி அவன மறிச்சுட்டா. வாசல்ல இருந்த சிலிண்டரத் தூக்கி, மேல சொருகியிருந்த பின்ன உருவி அமுக்குனா. புஸ். அவ்வளவுதான். அப்போ ஹாலுக்கு ஓடி அடுத்தத எடுத்தா. கடக், கடக். ஒண்ணும் வரல. மாலைதான் கழண்டு விழுந்துச்சு. உள்ள இருந்து "அம்மா"ன்னு பொன்மாரி கத்துறா.

அப்போதான் மூணாவது ஞாபகம் வந்துச்சு. வெளிப்பக்கமா சுத்தி ஓடி, கக்கூஸ் பக்கத்துல தொங்குன அதப் பிடுங்கிட்டு வந்து, தீயோட அடியப் பாத்து அமுக்குனா. ப்ஷ்ஷ்ஷ்ஷ்! சமையக்கட்டு பூரா வெள்ளப் பொக. தீ பொசுக்குன்னு அடங்கிருச்சு. பொன்மாரி தல முழுக்க மாவோட ஓடி வந்து கட்டிக்கிட்டா. வெள்ளைத்தாயி ஒரு கையில மகளையும் ஒரு கையில அந்தச் சிலிண்டரையும் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. பக்கத்துக் கடையில இட்லி வாங்கிப் போட்டுக் கல்யாணத்த முடிச்சாங்க.

சாயங்காலம் பொண்ண அனுப்பி வைக்கணும். சீர்வரிசையில குத்துவெளக்கு, பித்தளக் கொடம், அதுக்கு நடுவுல புத்தம் புது சிவப்பு சிலிண்டர் ஒண்ணு. பொட்டு கிட்டு எதுவுமில்ல. சம்பந்தி வீட்டுக்காரங்க சிரிச்சாங்க. இவ கண்டுக்கவே இல்ல. கார் ஜன்னல்ல தலைய விட்டு மககிட்ட சொன்னா: "மாசா மாசம் முள்ளப் பாருடி. பச்சையில இல்லாட்டி எனக்கு போன் பண்ணு."

அப்புறமா? அப்புறம் மாசா மாசம் பொன்மாரி போன் பண்ணுவா.

"அம்மா, பச்சையிலதான் நிக்குது."

"நீ எப்படி இருக்க?"

"நானும் நல்லாத்தான் இருக்கேம்மா."

அதக் கேட்டுட்டுத்தான் வெள்ளைத்தாயி சோத்துல கை வைப்பாளாம்.

அடுப்பு அணைஞ்சுது, கதையும் அடங்கிச்சு. கண்ண மூடிக்கோ, செல்லம்.